ராமர் பச்சை

எட்டு மணி நாடகத்தைச் சிவரஞ்சனி அளவுக்கு அறிந்தவர்கள் ஆலங்குடியில் யாரும் கிடையாது. அதை எழுதுகிற ஆளுக்கே அவ்வளவு தெரியுமா என்பது சந்தேகம்தான். மற்றவர்கள் வசனத்தைக் கேட்பார்கள், அழுகிற இடத்தில் மூக்கைச் சிந்துவார்கள். இவள் சட்டையைப் பார்ப்பாள்.

நாடகத்தின் நாயகன் ஆரூரன். அவன் மனைவி தேன்நிலா நீலச் சேலை கட்டினால் அவன் சட்டையிலும் நீலம் இருக்கும். அவள் ரோஸ் கட்டினால் சட்டைக் கோட்டிலாவது ஒரு ரோஸ் ஓடும். இதைக் கண்டுபிடித்தவள் சிவரஞ்சனி. ஒருநாள் ஆரூரனின் ஆபீசுக்கு மாம்பழ மஞ்சள் சுடிதாரில் ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். அன்றைக்கு அவன் கட்டியிருந்த டையும் மஞ்சள்.

"முடிஞ்சுச்சு அத்தை. இனி இவன் வீடு தங்க மாட்டான்" என்றாள்.

"போடி, அவன் தங்கமான பய" என்றாள் மாமியார் ராஜலட்சுமி.

மாதம் திரும்புவதற்குள் அந்தத் தங்கமான பயல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மஞ்சள்காரி வீட்டு வாசலில் போய் நின்றான். அதிலிருந்து தெருப் பெண்கள் சிவரஞ்சனி வீட்டுக்கே வந்து நாடகம் பார்த்தார்கள். "நாளைக்கு என்ன நடக்கும் ரஞ்சனி?" என்று கேட்பார்கள். இவளும் ஜாதகம் பார்க்கிறவள் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொல்லுவாள். சொன்னது பலிக்கவும் செய்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

பக்கத்து வீட்டு ஷர்லியும் வருவாள். தனியார் பள்ளியில் டீச்சர். அவள் கணவன் சார்லஸ் கறம்பக்குடி ரோட்டில் பைக்கில் அடிபட்டுச் செத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குள் பீரோவில் இருந்த கலர்ச் சேலையை எல்லாம் நாத்தனார்களுக்குக் கொடுத்துவிட்டு சாம்பல், சந்தனம், வெள்ளை என்று கட்டிக்கொண்டு திரிந்தாள். அதைப் பார்க்கச் சிவரஞ்சனிக்கு வயிறு எரியும். உடன்பிறந்த தங்கச்சி இல்லாத குறையை ஷர்லியை வைத்துத்தான் தீர்த்துக்கொண்டிருந்தாள். திருச்சியில் வேலை பார்க்கும் சிவரஞ்சனியின் தம்பி நிலவழகன் சனிக்கிழமை சனிக்கிழமை வருவான். அவனும் செல்போனை நோண்டியபடி ஒரு மூலையில் உட்கார்ந்து நாடகம் பார்ப்பான்.

"எம் பாப்பா காதுகுத்துக்காச்சும் நீ ஒரு கலர்ல கட்டிட்டு வரணும். இல்லாட்டி ஒனக்குப் பந்தியில எலை கிடையாது" என்று ஷர்லியிடம் கறாராகச் சொல்லி வைத்திருந்தாள் சிவரஞ்சனி.

"பாக்கலாம்க்கா" என்றாள் ஷர்லி. சொல்லும்போது லேசாகச் சிரித்தாள்.

காதுகுத்துக்காகத்தான் சிவரஞ்சனியின் கணவன் ரகுநாத் கத்தாரிலிருந்து லீவில் வந்தான். வந்தவன் பழைய ரகுநாத் இல்லை என்று சிவரஞ்சனிக்குத் தோன்றியது. அங்கிருந்து பேசும்போதே கடைசி ஒரு வருஷமாகப் பேச்சு சுருங்கிப் போயிருந்தது. சாப்பிட்டியா, பாப்பா தூங்கிருச்சா, சரி வைக்கிறேன். வந்த பிறகும் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். ஒருநாள் கொல்லைச் சுவரோரம் ஷர்லியோடு நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தவன் இவளைப் பார்த்ததும் சட்டென்று தண்ணி மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். ஷர்லி வீட்டில் மோட்டாரே கிடையாது.

பயம் அன்றைக்குத்தான் வந்தது. நல்ல கனமான பயம். வெளிநாட்டுக்குப் புருஷனை அனுப்பிவிட்டு இருக்கிற பெண்ணுக்கு இந்தப் பயம் எப்போதும் அடிவயிற்றில் கிடப்பதுதான், இப்போது எழுந்து உட்கார்ந்துகொண்டது. யாரிடமும் சொல்லவில்லை. புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குப் போய் அரக்குக் கலரில் ஒரு பட்டுச் சேலையும், அதே அரக்கில் ஒரு சட்டையும் எடுத்து வந்தாள். ஜோடியாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள். படித்த பெண்தான். ஆனாலும் நம்பினாள்.

காதுகுத்து அன்று மண்டபத்தில் நல்ல கூட்டம். தாய்மாமன் என்ற முறையில் நிலவழகன் மேளத்தோடு சீர்த்தட்டு கொண்டு வந்தான். பழம், பூ, பாப்பாவுக்குத் தோடு, எல்லாருக்கும் துணி. ராஜலட்சுமி உள்ளறைக்கு வந்து, "ஒந்தம்பி எடுத்தாந்த சீர்ச் சேலையைக் கட்டிக்க ஆத்தா, அதுதானே மொறை" என்றாள்.

"சாப்பாட்டுக்கு அப்பறம் மாத்திக்கிறேன் அத்தை. போட்டோ முடியட்டும்" என்றாள் சிவரஞ்சனி. அரக்குச் சேலையில் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தவளுக்குச் சீர்ப் பையைத் திறந்து பார்க்கவும் தோன்றவில்லை.

தலையில் பூ வைத்து முடித்து வெளியே வந்தாள். மேடையோரம் ரகுநாத் நின்றான். ராமர் பச்சைச் சட்டை.

"என்னங்க, நான் எடுத்த சட்டை என்னாச்சு?"

"பையிலதான் இருக்கு. இது நல்லால்லையா?" அவன் சிரித்தான். "ஏன் போட்டேன்னு ஒனக்கே தெரியும் பாரு, கொஞ்ச நேரத்துல."

சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் பார்த்தான். சிவரஞ்சனியும் பார்த்தாள். ஷர்லி வந்துகொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு கலர்ச் சேலை. ராமர் பச்சை. அசல் அதே பச்சை.

அதற்குப் பிறகு மேடையில் நடந்த எதுவும் அவள் கண்ணில் ஏறவில்லை. கழுத்து நிறைய மாலையும் தோளை மூடிய பட்டுத் துண்டுமாக நிலவழகன் பலகையில் உட்கார்ந்து பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி காதைக் குத்தினார், பாப்பா வீறிட்டது, கூட்டம் குலவை போட்டது. பெற்றவள் அங்கே நின்றாளே தவிர, இரண்டு பச்சைகளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற ஒருத்தி, "பாத்தியா, மேட்சிங்கை" என்று இன்னொருத்தியிடம் முணுமுணுத்துச் சிரித்தது தெளிவாகக் காதில் விழுந்தது. நாடகம் பார்க்க வருகிறவர்கள்தான். இவள் சொல்லிக் கொடுத்த பாடம்தான்.

பந்தி தொடங்கியது. ஷர்லி வீட்டுப் பெண் மாதிரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேசரி வாளியைத் தூக்கினாள். இலை இலையாக வந்தவள் சிவரஞ்சனி பக்கத்தில் நின்று, கூச்சத்தோடு மெல்லிசாகக் கேட்டாள்.

"அக்கா, இந்தக் கலரு எப்படி இருக்கு? ஒங்களுக்குப் புடிச்சிருக்கா?"

அந்தக் கேள்விதான் பற்ற வைத்தது.

"ஏன் புடிக்காது? புருஷனக் குழியில வச்சு மூணு வருஷந்தான ஆகுது, அதுக்குள்ள அடுத்தவ புருஷன் சட்டைக்கு ஜோடியாச் சேலை தேடிக்கிட்டு வந்துட்டியே. எனக்கென்ன தெரியாதுன்னு நெனச்சியா?"

பந்தி மொத்தமும் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஷர்லி வாளியைக் கீழே வைத்தாள். செருகியிருந்த முந்தானையை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். பச்சை தெரியக் கூடாது என்பது போல இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டே நடந்து போய்விட்டாள்.

மேடையிலிருந்து நிலவழகன் இறங்கி ஓடி வந்தான். வரும்போதே மாலையைக் கழற்றினான். துண்டையும் உருவிப் போட்டான். உள்ளே அவன் போட்டிருந்ததும் ராமர் பச்சைச் சட்டை.

சிவரஞ்சனி அந்தச் சட்டையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நான் எடுத்ததுதான்க்கா" என்றான். "நாலும் ஒரே கலரு. ஒனக்கு, மச்சானுக்கு, எனக்கு, ஷர்லிக்கு. வேற சாதி வேற மதம், அதுலயும் புருஷன் செத்தவ. வாயால சொல்லப் பயமா இருந்துச்சு. கலரப் பாத்தா ரஞ்சனி கண்டுபிடிச்சுருவா, அவளே சந்தோசமாக் கல்யாணத்த நடத்தி வைப்பான்னு மச்சான்தான் தைரியம் சொன்னாரு. நீதான கலரு தெரிஞ்சவ."

ரகுநாத் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"ஒரு வார்த்த என்னையக் கேட்டுருக்கலாம்ல ரஞ்சனி" என்றான். அதோடு சரி. பிறகு அதைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

மண்டபம் காலியான பிறகு சீர்ப் பையைத் திறந்தாள். பச்சைப் பட்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. அவர்கள் போட்டிருந்த சட்டையும் இந்தச் சேலையும் ஒரே நூல், ஒரே சாயம். காலையில் மாமியார் சொன்னபோதே இதைக் கட்டியிருந்தால் நாலு பேரும் ஒரே நிறத்தில் மேடையில் நின்றிருப்பார்கள். ஊரே பார்த்திருக்கும். சிவரஞ்சனி சேலையை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

ஷர்லி வீட்டுக் கதவை எத்தனையோ தடவை தட்டினாள். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. கடைசியாக ஒருநாள் ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் வந்தது.

"போங்கக்கா. ஒங்க மேல கோவமில்ல. ஆனா இனிமே நான் அவரக் கட்டிக்கிட்டா, நீங்க சொன்னதத்தான் ஊரு சொல்லும். ஒங்க வீட்டுக்காரரோ ஒங்க தம்பியோ, ஊருக்கென்ன கணக்கு? என்னால முடியாது."

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு, கந்தர்வக்கோட்டையில் வேறு பள்ளியில் சேர்ந்து, அங்கேயே வீடு பார்த்துப் போனாள். நிலவழகன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான். பிறகு அவன் சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்திக்கொண்டான். போன் பண்ணினால் எடுப்பான். நல்லாயிருக்கேன் என்பான், வைத்துவிடுவான். ரகுநாத் லீவு முடிந்து விமானம் ஏறினான். பேச்சு முன்பைவிடச் சுருங்கிவிட்டது. இப்போது அதற்குக் காரணம் என்ன என்று அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

எட்டு மணிக்கு டிவி ஓடும். ராஜலட்சுமி மட்டும் பார்ப்பாள். தெருப் பெண்கள் யாராவது, "இன்னைக்கு ஆரூரன் வெள்ளையில வந்துருக்கானே, என்ன அர்த்தம் ரஞ்சனி?" என்று கேட்டால், அடுப்படியில் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுவாள்.

தை மாதம் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். பீரோவைத் திறந்தவள் என்ன நினைத்தாளோ, அந்தச் சீர்ச் சேலையை எடுத்து முதல் தடவையாகக் கட்டிக்கொண்டு புதுக்கோட்டையில் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

கந்தர்வக்கோட்டையில் பஸ் நின்றது. ஏறுவதற்குக் கூட்டம் முண்டியது. கூட்டத்தின் கடைசியில் தோளில் பையோடு ஷர்லி வந்தாள். சாம்பல் கலர் சேலை. படிக்கட்டுக் கம்பியில் கை வைத்தவள், ஜன்னலில் தெரிந்த பச்சையைப் பார்த்தாள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"யம்மா, ஏறலையா? எடம் இருக்கு" என்றார் கண்டக்டர்.

"நீங்க போங்கண்ணே. நான் அடுத்த பஸ்ல வாரேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். சிவரஞ்சனி ஜன்னலுக்கு வெளியே பறந்துகொண்டிருந்த முந்தானையை உள்ளே இழுத்து, மடியில் சுருட்டி வைத்துக்கொண்டாள்.