ஒரே முகவரியில் இருவர்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. என் நாத்தனார் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னது. சொல்லி முடித்ததும், "எழுதினா யாருன்னு தெரியாம எழுதுங்க அண்ணி" என்றாள். அதனால் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்கிறேன். (பார்ப்பதில்லை.)

"மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் அவள்" என்று முதலில் தொடங்கினேன். மழையெல்லாம் இல்லை. அலுப்பு மட்டும்தான் இருந்தது.

2

கடை முடிந்து வந்ததும் அவள் ஓர் இணையதளத்தைக் கவனித்துக்கொள்வாள். வீட்டில் அடி வாங்கும் பெண்கள் புனைபெயரில் மனம்விட்டு எழுதுகிற இடம் அது. நடத்துபவர் ஒரு வக்கீல். இவளுக்கு அக்கா மாதிரி. 'நீங்கள் யாரென்று தேட மாட்டோம்' என்று முகப்பிலேயே வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

பிறகு 'நியாயஸ்தன்' என்ற பெயரில் ஒருவன் வந்தான். எழுதும் பெண்களையெல்லாம் வெட்டுவேன் என்றான். விரட்டினால் வேறு பெயரில் வந்தான். வேறு வழி தெரியாமல் வக்கீல் எல்லாருடைய ஐ.பி. முகவரியையும் பதிய ஏற்பாடு செய்தார். எந்த இணைப்பிலிருந்து எழுதுகிறார்கள் என்று காட்டும் எண் அது. எண்ணை அடைத்துவிட்டால் ஆள் உள்ளே வர முடியாது.

(முகப்பில் இருந்த வாக்கை எடுத்தீர்களா என்று கேட்டேன். நாத்தனார் பேச்சை மாற்றினாள்.)

3

நியாயஸ்தனின் எண்ணை அடைக்கப் போன நாத்தனாரின் கை நின்றது. அதே எண்ணில் இன்னொரு பெயர்: 'தும்பி'.

மாதக்கணக்காகப் புருஷனைப் பற்றி எழுதி வந்தவள் தும்பி. அவன் வெளியூர் போகிற அன்று குழந்தையோடு கிளம்பிவிடப் போவதாக முந்தின நாள்தான் எழுதியிருந்தாள்.

நாத்தனார் வக்கீலுக்குப் போன் போட்டாள்.

"ஒரே வீடாத்தான் இருக்கணும்னு இல்லடி," என்றார் வக்கீல். "சில கம்பெனிங்க நூறு வீட்டுக்கு ஒரே நம்பர் குடுக்கும்."

"ஒரே வீடா இருந்துட்டா? அடைச்சா அவளையும் சேர்த்து அடைச்சுடுவோம்க்கா. விட்டா அவ எழுதினத அவன் படிச்சுடுவான்."

"போலீசுக்குப் போலாம்."

"போலீஸ் போய்க் கதவத் தட்டினா, தெறக்கறது யாரு?"



4

தும்பி எழுதியதையெல்லாம் நாத்தனார் அழித்தாள். அவளுக்கு மட்டும் தெரியும்படி ஒரு செய்தி அனுப்பினாள்: 'உங்கள் வீட்டிலிருந்தே வேறொருவரும் இங்கே வருகிறார் போலிருக்கிறது. வெளியே எங்கிருந்தாவது கூப்பிடுங்கள்.' கீழே தன் போன் நம்பர்.

உடனே பதில் வந்தது: 'என் வீட்டை வேவு பார்க்க நீங்கள் யார்?'

அதற்குப் பிறகு தும்பி வரவில்லை. நியாயஸ்தனும் வரவில்லை.

பதிலும் அதே எண்ணிலிருந்துதான் வந்திருந்தது. எந்த இணைப்பு என்று எண் சொல்லும். தட்டிய விரல் யாருடையது என்று சொல்லாது. நாத்தனாருக்குத் தலைவலி ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

5

முடிவு எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், பேருந்து நிலையத்திலிருந்து தும்பி கூப்பிடுகிறாள். நாத்தனார் படித்துவிட்டு, "யாரும் கூப்பிடல அண்ணி" என்றாள். இன்னொன்றில், பதில் எழுதியது அவன். அவள் சமையலறையில்… இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை. மற்றொன்றில், இருவருக்கும் சம்பந்தமே இல்லை. நூறு வீட்டில் இரண்டு வீடு. தும்பி வெறும் கோபத்தில் போய்விட்டாள். எனக்கு இதுதான் சௌகரியம். அதனாலேயே நம்ப முடியவில்லை.

பதிந்த எண்களை அழித்துவிடலாம் என்கிறாள் நாத்தனார். வைத்திருந்தால்தான் அடுத்து வருகிறவனைத் தடுக்கலாம் என்கிறார் வக்கீல். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியென்றே படுகிறது.

"முடிவை, படிக்கிறவங்ககிட்டயே விட்டுடறேன்," என்றேன்.

நாத்தனார் தைலப் புட்டியை மூடினாள்.

"விடுங்க," என்றாள். "ஆனா, அவ கெளம்பிட்டான்னு யாராவது எழுதினா, எங்கன்னு மட்டும் எழுத வேண்டாம்னு சொல்லிடுங்க."