ஞானத்தந்தை வராத ஞாயிறு

டென்மார்க்கிலிருந்து வந்த ரஸ்மூஸ், எல் கரீசால் என்ற மீனவ ஊரின் கடற்கரையில் இறங்கியபோது அவன் கைபேசியில் நாளுக்கு ஏழு அலாரம் அடித்தது. எழுந்திருக்க ஒன்று, தண்ணீர் குடிக்க ஒன்று, முதுகை நிமிர்த்தி உட்கார ஒன்று. ஒருநாள் காலைச் சாப்பாட்டின் நடுவில் அது அடித்ததும் அவன் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான்.

"இப்ப எதுக்கு அடிக்குது?" என்று ஒதிலியா கேட்டாள். அவள்தான் அந்தச் சாப்பாட்டுக்கடைக்காரி. மாடியில் இருக்கும் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறவளும் அவள்தான்.

"கடல் பாக்கணும். இருபது நிமிஷம்."

"அதுக்கப்புறம் கடல் கதவைச் சாத்திக்குமா?"

கடையில் இருந்த மீனவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ரஸ்மூஸும் சிரித்தான். ஆனால் போய் இருபது நிமிடம் கடலைப் பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

மடிக்கணினியும் முதுகுப்பையுமாக ஊர் ஊராகத் திரிந்து வேலை பார்க்கிற கூட்டம் அந்தக் கடற்கரைக்கு எட்டு வருஷமாக வந்துகொண்டிருந்தது. வரும்போது அவசரத்தோடு வருவார்கள், போகும்போது ஞானத்தோடு போவார்கள். நடுவில் பாத்திரம் கழுவுகிறவர்கள் ஊர்ப் பெண்கள். ஒதிலியா இப்படி நூறு பேரையாவது பார்த்திருப்பாள். மற்றவர்களிடம் பேச்சு கொடுக்காதவள், இவனிடம் மட்டும் கொடுத்தாள். இருபது நிமிடம் கடல் பார்க்கிறவனைக் கண்டால் பாவமாக இருந்ததோ என்னவோ.

"இங்க எல்லாம் காத்திருக்கும் ரஸ்மூஸ். மீன் காத்திருக்கும், பஸ் காத்திருக்கும், சாவு வந்தாக்கூட ஒரு காபி குடிச்சிட்டு வரேன்னு சொல்லலாம். கடிகாரத்தைப் பாத்துப் பொழைக்கிறது செத்தவன் பொழைப்பு" என்பாள். அவள் சொன்ன பிறகு வாரத்துக்கு ஓர் அலாரமாக அவன் அணைத்துக்கொண்டே வந்தான். இரண்டு வாரத்துக்கென்று வந்தவன் மாதக்கணக்கில் தங்கிவிட்டான். அவளுடைய கணவன் செல்சோவோடு படகில் போனான். மாம்பழத்தைக் கத்தி இல்லாமல் கடித்துத் தின்னக் கற்றுக்கொண்டான். ஒதிலியாவுக்கு அதில் பெருமை. ஒரு மனிதனைத் தானே செய்து முடித்ததைப் போல் அவனை எல்லாருக்கும் காட்டினாள்.

அப்போது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. முப்பத்தொன்பது வயது. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் இரண்டு கரு கலைந்து, மூன்றாவதாகத் தங்கியது. வலி கண்ட அன்று செல்சோ கடலில் இருந்தான். ரஸ்மூஸ் மாடியில் கம்பெனிக்காரர்களோடு கணினியில் கூட்டத்தில் இருந்தான். அவள் அலறலைக் கேட்டதும் பேசிக்கொண்டிருந்தவர்களின் முகத்துக்கு நேரே கணினியை மூடிவிட்டு ஓடி, மருத்துவச்சியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தான். "என் வாழ்க்கையில யோசிக்காம செஞ்ச முதல் காரியம்" என்று பிற்பாடு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான்.

பெண் குழந்தை. பெர்லா என்று கூப்பிட்டாள் ஒதிலியா. முத்து என்று அர்த்தம்.

பிள்ளைக்கு நாற்பது நாள் ஆனபோது செல்சோவின் அண்ணன் நிகனோர் சாப்பிட வந்தார். படகு அவருடையது. செல்சோ அதில்தான் தொழில் செய்கிறான். தம்பி பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் அண்ணன்தான் ஞானத்தந்தையாக நிற்பது என்பது அந்தக் குடும்பத்தில் கேட்காமலே நடக்கிற காரியம். அவரும் கேட்கவில்லை. "வெள்ளை உடுப்பு பட்டணத்துலதான் வாங்கணும்" என்று மட்டும் சொன்னார்.

"வேண்டாம் அத்தான். ரஸ்மூஸ் நிக்கட்டும்னு நெனைக்கிறேன்."

"அவன் யாரு?"

"யாரா இருந்தா என்ன? என் பிள்ளைக்கு மீன் நாத்தம் அடிக்காத ஒருத்தர் வேணும்."

நாக்கில் சனி என்பார்களே, அதுதான். சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. ஆனால் திருப்பி எடுக்கவில்லை. நிகனோர் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். செல்சோ இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

நிகனோர் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அவருடைய அம்மா திபுர்சியா மேல். ஒன்பது வருஷம் ஒதிலியா அந்தக் கிழவியோடு ஒரே கூரையின் கீழ் இருந்தாள். கிழவி அவளை ஒருமுறைகூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அவ" என்பாள், இல்லாவிட்டால் "காஞ்ச மரம்" என்பாள். இரண்டாவது கரு கலைந்த அன்று, படுக்கையில் கிடந்தவள் காதில் விழும்படி, "இதுக்குக் கழுதையை வளத்திருந்தா குட்டியாவது போட்டிருக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். கிழவி செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சவப்பெட்டி மூடுகிறபோது ஒதிலியா அழவில்லை. அழாததற்கு வருத்தப்படவும் இல்லை.

ரஸ்மூஸிடம் கேட்டபோது அவன் கண் கலங்கிவிட்டது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சரி. எதுவா இருந்தாலும் சரி. நான் இப்பல்லாம் யோசிக்கிறதே இல்ல, ஒதிலியா."

"யோசிங்க. இது ஆயுசுக்கும் உள்ள உறவு. இனிமே நீங்க எனக்கு கொம்பாத்ரே, நான் உங்களுக்கு கொமாத்ரே, கூடப்பொறந்தவங்க மாதிரி. செல்சோவுக்கும் எனக்கும் ஏதாவது ஆனா, இவ உங்க பொறுப்பு."

"கொமாத்ரே" என்று அவன் சொல்லிப் பார்த்தான். அந்தச் சொல் அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பட்டணத்துச் சாமியார் எல் கரீசாலுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அன்றைக்கு அவருக்கு இன்னும் இரண்டு ஊர் இருக்கும். அதனால் பதினொரு மணி என்றால் பதினொரு மணி. அந்த ஊரில் நேரத்துக்கு நடக்கிற ஒரே காரியம் அதுதான். ஞானத்தந்தைகளுக்கான வகுப்பில் ரஸ்மூஸ் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டான். 'ஞாயிறு, பதினொன்று' என்றும் எழுதினான். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒதிலியா அதைக் கண்ணால் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை அவன் மலைக்குப் புறப்பட்டான். "பஸ் எங்க நிக்குதோ அங்க எறங்குவேன். சனிக்கிழமை வந்துடுவேன்" என்றான். வாசலில் நின்ற ஒதிலியாவுக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஏழு அலாரத்தையும் கிண்டல் செய்து அணைக்க வைத்தவள், எட்டாவதை எப்படிக் கேட்பது? வெட்கமாக இருந்தது. "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை ஆடு அறுத்தாயிற்று. மோலே குழம்பு இரண்டு அண்டா கொதித்தது. மாலை மூன்று மணி பஸ் வந்தது, அவன் வரவில்லை. ஐந்து மணி பஸ்ஸும் வந்தது. ஒதிலியா கையைத் துடைத்துக்கொண்டு அவன் நம்பரைப் போட்டாள். மாடியில் மணி அடித்தது. ஏறிப் போய்ப் பார்த்தால், கைபேசி மேஜைமேல் இருந்தது. அதன் அடியில் ஒரு காகிதம். 'உன்னை விட்டுவிட்டுப் போகக் கற்றுக்கொண்டேன்' என்று ஸ்பானிஷ் மொழியில் தப்பும் தவறுமாக அந்தக் கைபேசிக்கே எழுதி வைத்திருந்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். தன் வாயே தன்னைக் கடித்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணி பஸ்ஸும் காலியாக வந்தது. கோயில் முதல் மணி அடித்தது.

"அண்ணன்கிட்ட கேளு" என்றான் செல்சோ.

"நீங்க கேளுங்க."

"சொன்னது யாரு? நானா?"

அவள் குழந்தையைப் பார்த்தாள். தள்ளிப் போடலாம், ஆறு மாதம். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையைக் காற்றும் கறுப்பும் எளிதில் தொடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. இரண்டைப் பறிகொடுத்தவளுக்கு அதை நம்பாமல் இருக்கிற துணிச்சல் கிடையாது. ஆறு நாள்கூட அவளால் பொறுக்க முடியாது. குழந்தையைச் செல்சோவிடம் கொடுத்துவிட்டு, விருந்துக்கு உடுத்திய புதுப் பாவாடையோடு மணலில் நடந்தாள். ஊரே அவள் எங்கே போகிறாள் என்று பார்த்தது.

நிகனோர் கொல்லையில் மீன் அரிந்துகொண்டிருந்தார்.

"என்ன ஒதிலியா, வழி தவறி வந்துட்டியா?"

"அத்தான், பிள்ளைக்கு நீங்க வந்து நிக்கணும்."

"உன் வெள்ளைக்காரன் எங்க?"

"வரல."

"வரலையா, வரமாட்டானா?"

"தெரியல."

அவர் தன் கையை முகர்ந்து பார்த்தார். "காலையிலேருந்து மீனு. நாத்தம் அடிக்குமே."

"பரவாயில்ல அத்தான்."

"உனக்குப் பரவாயில்ல. உன் பிள்ளைக்கு ஆகாதுன்னியே."

"தப்பு என்னுதுதான். எல்லார் முன்னாலயும் சொல்லச் சொன்னாலும் சொல்றேன்."

இரண்டாம் மணி அடித்தது. நிகனோர் கத்தியைக் கழுவி வைத்தார். சோப்புக் கட்டியை எடுத்து முழங்கை வரை தேய்த்தார், அவசரமே இல்லாமல். அப்புறம் சொன்னார்:

"வரேன். அம்மா பேரை வைக்கணும்."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. "யார் அம்மா?"

"எங்கம்மா. திபுர்சியா. நீ கண்ணுல தண்ணி விடாம அனுப்பி வெச்சியே, அவ."

"பேரு வெச்சாச்சு அத்தான். பெர்லான்னுதான் ஊரே கூப்பிடுது."

"ஊரு கூப்பிடும். சாமியார் புத்தகத்துல எழுதலயே. சர்க்கார் ஆபீஸ்லயும் எழுதலயே." துண்டால் விரல் விரலாகத் துடைத்தார். "இஷ்டம் இல்லாட்டி விடு. நவம்பர்ல சாமியார் வருவாரு. அதுக்குள்ள உன் ஆளும் எங்கயாவது எறங்கி ஏறி வந்துடுவான்."

மூன்றாம் மணி அடித்தால் சாமியார் தொடங்கிவிடுவார். அவள் அவர் காலில் விழுந்திருப்பாள். ஆனால் அதற்கும் இறங்குகிற ஆள் இல்லை என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. தன் சொல் அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அதற்காக அவரை மன்னிக்க அவளால் முடியவில்லை.

"சரி" என்றாள்.

கோயிலில் சாமியார் பேர் கேட்டபோது நிகனோர்தான் உரக்கச் சொன்னார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. செல்சோ தலையைத் திருப்பி ஒதிலியாவைப் பார்த்தான். தன் அம்மா அவளை எப்படி நடத்தினாள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அவன் முகத்தில் ஒரு மலர்ச்சி ஓடியது. அதை அவள் பார்த்துவிட்டாள். தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டது. வெளியே வந்ததும் நிகனோர் வழக்கப்படி காசை வாரி இறைத்தார், பிள்ளைகள் கூச்சல் போட்டுப் பொறுக்கினார்கள். விருந்தில் எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

திங்கள் முழுக்க, செவ்வாய் மதியம் வரைக்கும் ஒதிலியா குழந்தையை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடவில்லை.

செவ்வாய் மதிய பஸ்ஸில் ரஸ்மூஸ் வந்தான். தாடி வளர்ந்து, வெயிலில் கறுத்து, முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு துணிமூட்டை.

"கொமாத்ரே, என்ன நடந்துச்சு தெரியுமா? மலைமேல ஒரு கிராமம். பனி மூடியிருந்துச்சு. பஸ் நின்னுது, எறங்கிட்டேன். அங்க ஒரு அம்மா நெய்யறாங்க. அவசரப்படுத்தக் கூடாதுன்னு மூணு நாள் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நீங்க சொன்ன மாதிரியே."

மூட்டையைப் பிரித்தான். சிவப்பும் நீலமுமாக ஒரு சின்னப் போர்வை. அதன் ஓரத்தில் வெள்ளை நூலில், ஒவ்வோர் எழுத்தும் கோழிமுட்டை அளவுக்கு, பெர்லா என்று நெய்திருந்தது.

"இந்த எழுத்துதான் லேட்டாச்சு. முக்கால்வாசி முடிஞ்சப்போ ஞாயித்துக்கெழமை ஆயிடுச்சு. பாதியில எப்படி எடுத்துட்டு வர்றது?"

"ஞாயித்துக்கெழமைன்னு தெரிஞ்சிருந்துச்சா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது. ஆனா கடல் பொங்குச்சுன்னு பக்கத்து வீட்டு லூபேவோட கல்யாணத்தையே ஒரு வாரம் தள்ளி வெச்சீங்களே. இங்க எல்லாம் காத்திருக்கும்னு நீங்கதான சொன்னீங்க." அவள் முகத்தைப் பார்த்து அவன் சிரிப்பு மெல்லக் குறைந்தது. "நாளைக்குப் பண்ணிக்கலாமா?"

 அவளுக்கு அவனைத் திட்டத் தோன்றவில்லை. திட்டுவதற்கு ஒரு சொல்லை எடுத்தால், அந்தச் சொல்லும் அவளிடமிருந்தே அவனுக்குப் போனதாக இருந்தது. இந்த மனிதன் மூன்று நாள் ஒரு தறிக்குப் பக்கத்தில் அன்போடு உட்கார்ந்திருந்தான் என்பது உண்மை. அந்த அன்பு அவளுக்கு இப்போது ஒன்றுக்கும் உதவாது.

தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டு காலை உதைத்தது. ரஸ்மூஸ் போர்வையோடு அதனிடம் போய்க் குனிந்தான்.

"பெர்லா" என்றான்.

குழந்தை அவன் பக்கம் திரும்பிப் பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தது.

"அப்படிக் கூப்பிடாதீங்க" என்றாள் ஒதிலியா. "அவ பேரு அது இல்ல."

"வேற என்ன?"

அடுக்களை வாசலில் செல்சோ வந்து நின்றான். அவனும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒதிலியா தொட்டில் பக்கம் வந்து கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"திபுர்சியா" என்று கூப்பிட்டாள்.

குழந்தை திரும்பவில்லை. போர்வையின் சிவப்பு நூலையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒதிலியா இன்னும் கொஞ்சம் உரக்க இன்னொரு முறை கூப்பிட்டாள்.