புதிய கைத்துப்பாக்கிக்கு ஒரு சிறிய கை

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜாம் பாட்டிலின் மூடியிலிருந்து கிடைத்தது. ராணுவம், துப்பாக்கி, தோட்டா எல்லாம் பிறகுதான் வந்தன.

சனிக்கிழமை காலை. விடுப்பில் வந்திருந்த என் தங்கை சமையலறையில் நின்று அந்த மூடியைத் திறக்கப் பார்த்தாள். முடியவில்லை. பாட்டிலைக் கை மாற்றினாள். மூடியை மேசை விளிம்பில் தட்டினாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல அதை என்னிடம் நீட்டினாள்.

“ஏன்டி, பீரங்கியெல்லாம் தூக்குறவளுக்கு இது முடியலையா?”

“பீரங்கிய யாரும் தூக்க மாட்டாங்க அக்கா. அது வண்டியில போகும்.”

பேச்சை மாற்ற வேண்டுமென்றால் என் தங்கை அடுத்தவரின் பிழையைத் திருத்துவாள். சின்ன வயதிலிருந்தே அப்படி. நான் மூடியைத் திறந்துகொண்டே அவள் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கியிருந்தது.

அந்தக் கணத்தில் எனக்குள் முதலில் வந்தது கவலை என்று எழுதத்தான் ஆசை. எழுதியும் பார்த்தேன், அடித்துவிட்டேன். வந்தது ஆர்வம். கவலை, மூடி திறந்த பிறகு வந்தது.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

துப்பாக்கி கர்ஜித்தது. புகைமண்டலத்தின் நடுவே அந்த வீராங்கனை மெல்லத் திரும்பி

(இதைத் தங்கையிடம் காட்டினேன். “புகை எங்கருந்து வருது? இது என்ன, விறகடுப்பா?” என்றாள்.)

எந்த ராணுவமும் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை தன் கைத்துப்பாக்கியை மாற்றிக்கொள்ள நேர்கிறது. அப்போது எழும் முதன்மையான கேள்வி, தோட்டாவின் விட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது. இதைப் பற்றி வல்லுநர்களிடையே

(எனக்கே தூக்கம் வந்துவிட்டது.)

அவளுக்குச் சிறிய கைகள்.

இது இருக்கட்டும். இதற்கு மேல் ஒரு தொடக்கம் இந்தக் கதைக்குத் தேவையில்லை என்று நினைக்கிறேன். வீட்டில் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். இப்போது அவள் ஒரு படைப்பிரிவில் ஆயுதப் பயிற்சி தருகிறவர்களுக்கு உதவியாளர். ஆயுதப் பள்ளியில் முழுப் பயிற்சியாளராக வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. ஆனாலும் எங்கள் வீட்டு வாசல்படியைத் தாண்டியதும் பொடிசுதான்.

3

புதிய கைத்துப்பாக்கிக்கான தேர்வில் கடைசியாக மிஞ்சியவை இரண்டு. தங்கை அவற்றைப் பெரியது, சின்னது என்றே சொல்கிறாள். நானும் அப்படியே சொல்கிறேன். பெரியதன் தோட்டா தடிமனானது. சின்னதன் தோட்டா மெலிந்தது.

“தோட்டா கொஞ்சம் தடிச்சா என்ன?” என்று கேட்டேன்.

“தோட்டா எங்க இருக்கும்னு நினைக்கிற?”

யோசித்ததே இல்லை. துப்பாக்கிக்குள் எங்கோ இருக்கும் என்று ஐம்பது வயதுவரை வாழ்ந்துவிட்டேன்.

“கைப்பிடிக்குள்ள, அக்கா. ரெண்டு வரிசையா நெருக்கியடிச்சிட்டு நிக்கும். தோட்டா தடிச்சா கைப்பிடி தடிக்கும். கைப்பிடி தடிச்சா விரல் எட்டாது. அவ்வளவுதான் விஷயம். இதுக்குத்தான் இத்தனை கூட்டம், இத்தனை டீ.”

(இடைக்குறிப்பு: இதைக் கேட்ட பிறகு என்னால் வெகுநேரம் வேறெதையும் யோசிக்க முடியவில்லை. எவ்வளவு பெரிய தோட்டா என்று ஒருவர் முடிவு செய்யும்போது எவ்வளவு பெரிய கை என்றும் முடிவு செய்துவிடுகிறார். அது அவருக்கே தெரியாமலும் போகலாம்.)

இன்னொன்றும் கேட்டேன். எல்லாரிடமும் நீளத் துப்பாக்கி இருக்கும்போது இந்தக் குட்டித் துப்பாக்கி யாருக்கு?

“கையில வேற வேலை இருக்கறவங்களுக்கு. டிரைவருக்கு, ரேடியோக்காரருக்கு, காயம்பட்டவங்கள இழுத்துட்டு வர்ற நர்ஸுக்கு. இடுப்புல சும்மா கிடக்கும். எடுக்க வேண்டியதே வராம போனா நல்லது. வந்துட்டா அது ஒண்ணுதான் துணை.”

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். தேர்வுக்குழுவின் தலைவராக ஒரு கர்னல் இருக்கிறார், பெரியதையே விரும்புகிறார் என்று தெரிந்ததும் கை தானாக எழுதியது: முறுக்கிய மீசையைத் தடவியபடி கர்னல் உறுமினார்.

தங்கை தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “அவருக்கு மீசையே கிடையாதே. ரொம்ப மெதுவாத்தான் பேசுவாரு. முன்னால உக்காந்தாத்தான் கேக்கும்.”

“அப்புறம் எதுக்கு அவருக்குப் பெரிய தோட்டா?”

“ஒருவாட்டி சின்னத் தோட்டாவால சுட்டாராம். பட்டுச்சாம். பட்ட ஆளு நிக்கல, வந்துட்டே இருந்தானாம். பக்கத்துல இருந்த இவரோட சிநேகிதர் திரும்பி வரல. அதுக்கப்புறம் இவர்கிட்ட யாரு போயி சின்னதே போதும்னு சொல்றது?”

மீசையை அடித்தேன். உறுமலை அடித்தேன். பிறகு அவள் சொன்னது கதையை இன்னும் சிக்கலாக்கியது: சிறிய கைக்காரர்களையும் சோதனையில் சேர்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அதே கர்னல்தான்.

ஆக, நியாயமான மனிதர். சொன்னால் காது கொடுப்பார். வில்லன் இருந்திருந்தால் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நானும் என் தங்கையும் நிம்மதியாக ஜாம் சாப்பிட்டிருப்போம்.

5

சோதனை இப்படி நடந்தது. ஒரு பலகையில் கையின் வெளிக்கோடு வரைந்திருக்கும். ஒவ்வொருவரும் அதில் கையை வைத்து அளவு கொடுக்க வேண்டும். இருப்பதிலேயே சிறிய கை பொடிசினுடையது. பலகைமேல் அவள் கையைப் பார்த்து யாரோ, “மேடம், ஸ்கூல் விட்டு நேரா வந்தீங்களா?” என்றிருக்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். இவளும் சிரித்திருக்கிறாள்.

எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். சிறுவயதில் என் பழைய மழைக்கோட்டை அவளுக்குப் போட்டுவிடுவார்கள். கோட்டின் கை மணிக்கட்டைத் தாண்டி, விரல்களைத் தாண்டித் தொங்கும். மடித்துவிட வந்தால் விடமாட்டாள். துணிக்குள்ளிருந்தே பென்சிலைப் பிடித்து எழுதக் கற்றுக்கொண்டாள். கோட்டு பெரிது என்று ஒருநாளும் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

சோதனைக்குச் சில வாரம் முன்பே முகாமின் தச்சரிடம் சொல்லிப் பெரியதன் கைப்பிடி அளவில் ஒரு மரத்துண்டு செய்து வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் பிடித்தாள். டிவி பார்க்கும்போது பிடித்தாள். இதோ, இந்தச் சனிக்கிழமையும் என் சோபாவில் உட்கார்ந்து அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். வியர்வை பட்டு ஓரிடம் மட்டும் கறுத்திருந்தது.

“இங்கதான் கை உக்காரணுமா?”

மரத்துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு, “இல்ல” என்றாள்.

கை, கைப்பிடியின் நேர்பின்னால் உட்கார வேண்டும். அப்போதுதான் சுட்டவுடன் வரும் உதை முன்கைக்குள் நேராக இறங்கும். அப்படிப் பிடித்தால் அவள் விரல் விசையை எட்டவில்லை. எனவே கையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டாள். விரல் எட்டியது. உதை முழுவதும் கட்டைவிரலின் அடிமூட்டில் இறங்கியது. வலித்தது. வலியோடு பழகினாள். முறைப்படியான பிடியில்தான் சுட வேண்டும் என்பது சோதனையின் விதி.

“யாருமே கவனிக்கலையா?”

“எல்லாரும் டார்கெட்டத்தான் பாத்தாங்க அக்கா. கைய யாரும் பாக்கல.”

இலக்கு அட்டையில் அவள் சுட்டவை எல்லாம் நடுவில் கிடந்தன. மற்ற சிறிய கைக்காரர்கள் பெரியதில் தடுமாறினார்கள். குழுவின் முன் இப்போது கண்ணைப் பறிக்கும் ஒரு சான்று இருந்தது: இருப்பதிலேயே சிறிய கை, இருப்பதிலேயே நல்ல முடிவு. அப்படியானால் குறை துப்பாக்கியில் இல்லை, பயிற்சியில். கர்னல் அவளை ஆயுதப் பள்ளிக்குப் பரிந்துரைத்தார். எல்லாருக்கும் சரியான பிடியைச் சொல்லித்தரும் பயிற்சியாளராக.

(இதை நானாகக் கற்பனை செய்திருந்தால், செயற்கையாக இருக்கிறது என்று நானே வெட்டியிருப்பேன்.)

6

இங்கே ஒரு நர்ஸ் வருகிறார். ஒரே ஒரு பத்திக்குத்தான் வருகிறார். ஆனால் அவரை எடுத்துவிட்டால் கதை சரிந்துவிடும்.

கள மருத்துவமனையில் வேலை பார்க்கும் இளம் நர்ஸ். சோதனையில் பெரியதை வைத்துத் திணறியவர்களில் ஒருவர். பெரியது தேர்வாகிவிட்டால் ஆண்டுச் சோதனையில் அதை வைத்துத்தான் தேற வேண்டும். தேறாதவர்களைக் களத்துக்கு அனுப்ப மாட்டார்கள், மருந்துக் கிடங்கில் உட்காரவைத்துவிடுவார்கள். போன வாரம் சாப்பாட்டுக்கூடத்தில் அவர் என் தங்கையின் எதிரே தட்டை வைத்து உட்கார்ந்திருக்கிறார்.

“அக்கா, உங்கள விட என் கை பெருசுதானாம். பலகையில அளந்து பாத்துச் சொன்னாங்க. அப்ப குறை என்கிட்டதானேக்கா? நீங்க எப்படிப் பிடிக்கிறீங்கன்னு எனக்குச் சொல்லித் தருவீங்களா?”

பொடிசு என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

“சாப்பாடு ஆறுது, சாப்பிடுன்னு சொன்னேன்.”

அன்று முழுக்க என் வீட்டில் அவள் பேசியதில் இந்த ஒரு வரியை மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

7

திங்கட்கிழமை குழு கடைசியாகக் கூடுகிறது. முடிவெடுக்கும் முன் அவளை ஒருமுறை சுடவைத்துப் பார்க்கப் போகிறார்கள். அதனால் ஞாயிறு மதியம் உணவுமேசையில் உட்கார்ந்து முடிவுகளை எழுதினேன். அவள் எதிரே உட்கார்ந்து, மூட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளாக வாங்கிப் படித்தாள்.

முடிவு அ: அவள் உண்மையைச் சொல்கிறாள். அறை உறைகிறது. கர்னல் மெல்ல எழுந்து, கண்கள் பனிக்க, அவளுக்கு சல்யூட்

“அக்கா, சத்தியமா நான் இப்பவே பையை எடுத்துட்டுக் கிளம்பிடுவேன்.”

“சரி, சல்யூட் வேண்டாம். நிஜத்துல என்ன ஆகும்?”

“என் ரிசல்ட்ட ரத்து பண்ணுவாங்க. விதிய மீறினதுக்கு எழுத்துல ஒரு கண்டிப்பு. ஆயுதப் பள்ளி அவ்வளவுதான். டாக்டர் மூட்டப் பாத்தா, இருக்கற வேலையும் மாறலாம்.”

முடிவு ஆ: அவள் வாயைத் திறக்கவில்லை. பெரியது தேர்வாகிறது. அவள் பயிற்சியாளராகிறாள். சிறிய கைக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் அவளிடம் வருகிறார்கள். வகுப்பில் சரியான பிடியைச் சொல்லித்தருகிறாள். வகுப்பு முடிந்து கதவைச் சாத்திவிட்டு, கோணலான பிடியையும் சொல்லித்தருகிறாள். அவர்கள் எல்லாரும் தேறுகிறார்கள். அவர்கள் வீட்டு ஜாம் பாட்டில்களை வேறு யாரோ திறந்து தருகிறார்கள்.

இதற்கு அவள் கேலி செய்யவில்லை. தாளை மேசையில் கவிழ்த்து வைத்தாள். “இது நடக்கும்” என்றாள்.

முடிவு இ: அவள் எதுவும் பேசவில்லை. பெரியதை எடுத்து, விதி சொல்கிறபடி நேராகப் பிடித்து, எல்லார் முன்னாலும் சுடுகிறாள். விரல் எட்டாமல் இழுக்கிறது. தோட்டா எங்கோ போகிறது.

எனக்கு இது பிடித்திருந்தது. இதில் பொய் இல்லை, பிரசங்கமும் இல்லை. எழுத்தாளருக்கு வசதியான முடிவு.

“அன்னிக்கு அப்படிச் சுட்டவ இன்னிக்கு ஏன் இப்படிச் சுடுறன்னு கேக்க மாட்டாங்களா?” என்றாள். “பதட்டம்னு சொன்னா அது பொய். கைய நேரா பிடிச்சேன்னு சொன்னா, மறுபடி உன் முடிவு அ. சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்கும்.”

ஐஸ் உருகி மேசையில் சொட்டியது. அவள் அதை விரலால் இழுத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

“உன் கதையில இருக்கறவ என்ன செய்யணும்னு உனக்கு ஆசை?”

“ஆசைன்னு இல்ல பொடிசு. என்ன செய்வான்னு தெரிஞ்சுக்கணும்.”

“அதான் நீ. உனக்குத் தெரிஞ்சாப் போதும். நான்தான் நாளைக்கு அங்க போய் நிக்கணும்.”

கோபமாகச் சொல்லவில்லை. பீரங்கியைத் திருத்தியதுபோலத்தான் சொன்னாள். ஆனால் அதன்பிறகு என்னால் நாலாவது முடிவு எழுத முடியவில்லை. அவள் துப்பாக்கியைக் கோணலாகப் பிடித்திருக்கிறாள் என்று பார்த்தவள் நான் ஒருத்திதான். பார்த்துவிட்டு நான் செய்தது, நோட்டை எடுத்தது.

“அந்த மழைக்கோட்டு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன்.

“ம்.”

“கொஞ்சம் மடிச்சுவிட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்ல?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “உனக்கு இப்பத்தான் தெரியுதா? எனக்கு அன்னிக்கே தெரியும்.”

8

இன்று திங்கள். அவள் விடியும்போதே கிளம்பிப் போய்விட்டாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறாள். போர்வையை ராணுவத்து மடிப்பில் மடித்திருக்கிறாள். என் தாள்களை ஒழுங்காக அடுக்கிவைத்திருக்கிறாள். மூன்று முடிவுகளில் எதன்மேலும் ஓர் அடையாளமும் இல்லை. இருக்கிறதா என்று தேடினேன், அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

சோபாவில் கிடந்த மரத்துண்டைக் காணோம்.

வாசகரே, இதற்குமேல் என்னிடம் எதுவும் இல்லை. பாதுகாப்புக் கதவைத் தாண்டியதும் அவள் கைபேசியை வாங்கிவைத்துவிடுவார்கள். மாலைவரை எனக்கும் உங்களுக்கும் தெரிந்தது ஒன்றேதான்: மரத்துண்டு அவள் பையில் இருக்கிறது. கை எங்கே உட்கார்ந்தது என்று எந்த வார்த்தையும் இல்லாமல் காட்டும் அந்தக் கறுத்த இடம் அதில் இருக்கிறது. கர்னலின் முன்னால் மேசையில் வைத்தால் போதும், அவர் புரிந்துகொள்வார். பஸ்ஸில் மடியில் வைத்து, பழகிய பிடியை இன்னொருமுறை பழகிப் பார்க்கவும் அதே மரத்துண்டுதான் வேண்டும்.

எதற்காக எடுத்துப் போனாள்?

நான் சொல்லமாட்டேன். மாலையில் தெரிந்த பிறகும் இங்கே வந்து எழுதமாட்டேன். அது அவளுடையது. நீங்கள் சொல்லுங்கள். ஆனால் சொல்வதற்கு முன் உங்கள் வலது கையை விரித்து ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு வீட்டிலிருக்கும் மிகத் தடித்த பாட்டிலை அதன் நேர்பின்னாலிருந்து பிடித்து, ஆள்காட்டி விரலை முன்பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள்.

எட்டாதபோது உங்கள் கை தானாகத் திரும்பும். திரும்புகிறதா, பாருங்கள்.