ஒரு சிட்டிகை கசப்பு

இயற்கை மருந்துகளின் முதல் கட்டச் சோதனைகளுக்கு நிதி கொடுக்கும் குழுவில் அவள் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. மருந்தாளுநர். விண்ணப்பங்களைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வருவாள். இந்த முறை மட்டும் ஐந்தாவது விண்ணப்பத்தில் முதல் பக்கத்தையே தாண்ட முடியவில்லை. மூட்டுவலிக்கு ஒரு கசப்பு வேர். விண்ணப்பித்திருப்பவர், ஒரு காலத்தில் அவள் அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டு திரிந்த டாக்டர்.

பதினேழு வருடத்துக்கு முன்னால் இதே வேரை இருவரும் சோதித்தார்கள். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், எக்ஸ்ரே அறையை ஒட்டி ஒரு சின்ன அறை. மின்விசிறியைப் போட்டால் பொடி பறக்கும், போடாவிட்டால் வியர்வை ஒழுகும். பாதிப் பேருக்கு வேர்ப்பொடி, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியக் கூடாது, டாக்டருக்கும் தெரியக் கூடாது. அதனால் இவள் உள்ளே பொட்டலம் மடிக்க, அக்கா கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கதையளப்பாள்.

"அடியே, உயிரோட இருக்கியா, பொடியில புதைஞ்சிட்டியா?"

அப்படி வயிறு வலிக்கச் சிரித்த நாட்கள் அவளுக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

ஒருநாள் சோதனைக்கு வந்த ஒரு பெரியவர் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது டூப்பும்மா, கசக்கவே இல்லையே" என்று போட்டு உடைத்தார். விஷயம் பரவினால் சோதனையே கவிழ்ந்துவிடும். கசப்புக்கு எங்கே போவது? கைக்கு எட்டியது அந்த வேர்தான். மாவுப் பொட்டலம் எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை சேர்த்தாள். பெரியவர் அப்புறம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

முடிவு வந்தபோது இரண்டு பக்கமும் ஒரே அளவு வலி குறைந்திருந்தது. மாவும் வேரும் ஒன்றுதான் என்று சொல்லி நிதியை நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு சிட்டிகையே வேலை செய்திருக்கிறது என்று இவளுக்கு அந்த நிமிடமே உறைத்தது. வேலை போய்விடுமே என்ற பயம் வாயைக் கட்டிப்போட்டது. அக்கா முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு வேறு ஊருக்கு ஓடியவள்தான்.

"ஏற்கெனவே தோத்த வேர்தானே, தள்ளிடலாமா?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

பேசாமல் இருந்தால் அந்த வேருக்கு இன்றோடு முழுக்கு. பேசினால் இத்தனை வருடம் சேர்த்த பெயர் போகும்.

"வேர் தோக்கல சார். டூப்புப் பொட்டலத்துல அந்த வேரையே கலந்தது நான்தான். எழுதிக் குடுக்கறேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதிக் குடுத்துட்டு வெளிய இருங்கம்மா. அந்த டாக்டர்கிட்ட நாங்க பேசிக்கறோம்."

வெளியே பெஞ்சில், குழு கூப்பிடுவதற்காகக் காத்திருந்தாள் அக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது. "அடிப்பாவி, நீயா!" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பிடித்த கை பிடித்தபடி இருக்க, இவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். உள்ளேயிருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். அக்கா கையை விட்டுவிட்டு எழுந்தாள்.

"பதினேழு வருஷமா அந்த வேரத்தான் சந்தேகப்பட்டேன்டி. உன்ன ஒரு நாள்கூட சந்தேகப்படல."