கடைசி வசனத்துக்கு முன்னால்

உள்ளிருந்து நாக்கால் கன்னத்தைத் தள்ளிக் கொடுத்தார் ஆம்ப்ரோஸ். கண்கள் மூடித்தான் இருந்தன. காலையிலிருந்து தொண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. ஆனாலும் சவரக்கத்தி பட்டதும் நாக்கு தன் வேலையைச் செய்தது. ஒரு ஆயுசு முழுக்க ஒப்பனை அறைகளில் உட்கார்ந்து பழகிய முகம் அது.

"அசையாதீங்கப்பா" என்றாள் மியூரியல். அசைய முடியாத மனுஷரிடம் அதைச் சொன்னது அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

நுரையை வழித்துத் துண்டில் துடைத்தாள். வலது கன்னம் முடிந்துவிட்டது. பார்த்தவுடன் மறந்துபோகிற முகம். அதுதான் அவருக்குச் சோறு போட்டது. படக்காரர்களுக்கு ஒரு சமையற்காரரோ, ஸ்டேஷன் மாஸ்டரோ, பிணத்தைக் கண்டெடுக்கும் தோட்டக்காரரோ தேவைப்பட்டால் ஆம்ப்ரோஸ் டாப்செல்லைக் கூப்பிட்டார்கள். எத்தனை படம் என்று அவருக்கே தெரியாது. தெருவில் யாராவது நிறுத்தி, "உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே, க்ராய்டன் பேங்க்ல இருந்தீங்களோ?" என்பார்கள். "ஆமாம்மா, கவுண்டர்ல" என்பார். அந்த நிமிஷமே பேங்க்காரராகி, அந்த அம்மாளுடைய வீட்டுக்காரரின் முதுகுவலியையும் விசாரிப்பார்.

கீழே சைக்கிள் மணி கேட்டது. நர்ஸ் பென்ஹாலோ கடற்காற்றின் ஈரத்தோடு மேலே வந்தாள்.

"ஞாயித்துக்கிழமை டிவில இவரைப் பார்த்தேம்மா! போலீஸ்காரர். ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் ஆகலை, தலையில அடிச்சுக் கொன்னுட்டாங்க."

"எப்பவும் அப்படித்தான். இவர் கடைசிவரைக்கும் இருந்தா ஹீரோவுக்கு எடம் பத்தாதே."

நர்ஸ் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாடி பார்த்தாள். பிறகு சிரிக்கவில்லை. ஊசி போட்டுவிட்டு, போர்வையைச் சரிசெய்தாள்.

"தூங்கட்டும். சவரத்தை அப்புறம் பார்த்துக்கலாம்." படியருகே வந்ததும் குரலைத் தணித்தாள். "இன்னிக்கு ராத்திரியைத் தாண்டாதும்மா. ஏதாவது பேசணும்னா பேசிடு. காது கடைசிவரைக்கும் கேக்கும்."

பேச அவளுக்கு ஒன்றும் இல்லை. கேட்கத்தான் இருந்தது.

சின்ன வயதில் அப்பாவுக்கு வசனம் படித்துக் கொடுப்பது மியூரியலின் வேலை. சமையலறை மேஜையில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு மற்றவர்களின் வசனமெல்லாம் அவள் சொல்வாள். சீமாட்டி, கொலைகாரன், குதிரைக்காரன், எல்லாம் அவள்தான். அப்பா தன் பங்கை மட்டும் சொல்லிக்கொண்டு நடப்பார். அம்மா பாத்திரம் தேய்த்தபடி சத்தங்கள் கொடுப்பாள்: தட்டைத் தட்டினால் மணி, குழாயைத் திறந்துவிட்டால் மழை.

நாடகக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒத்திகையில் நாடகத்தின் கடைசி வசனத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொல்லிவிட்டால் நாடகம் அதோடு முடிந்துபோகுமாம். முதல்நாள் ஜனங்களுக்கு முன்னால்தான் அதைச் சொல்லவேண்டும். கடைசி வரி அப்பாவுடையதாக இருந்தால் அந்த இடத்தில் "டம்-டி-டம்" என்று முனகிவிட்டு அவள் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போவார். முதல்நாள் இரவுகளில் மியூரியல் படுக்கையில் இருப்பாள். எந்தக் கடைசி வசனத்தையும் அவர் வாயால் அவள் கேட்டதில்லை.

அதெல்லாம் அப்போது விளையாட்டாக இருந்தது. போலீஸ்காரராக நடிக்கிற வாரத்தில் காணாமல்போன ஜாம் பணியாரத்துக்கு வீட்டில் விசாரணை நடக்கும். தூக்குப் போடுகிறவராக நடித்த வாரம் அவள் கழுத்தையே உற்றுப் பார்த்து, "இவளுக்குச் சின்னக் கயிறு போதும்" என்பார். அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு வருவாள்.

மியூரியலுக்குப் பத்தொன்பது வயதில் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அப்பா வார்டிலிருந்து தாழ்வாரத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். ஆழமான, நிதானமான குரலில் சொன்னார்:

"எங்களால முடிஞ்சதையெல்லாம் செஞ்சு பார்த்தோம். அவங்க வலி தெரியாம போயிட்டாங்க."

முந்தின மாதம் அவர் டாக்டராக நடித்த படத்தின் வசனம். அவள்தான் படித்துக் கொடுத்திருந்தாள். தொப்பியை மார்பில் வைப்பதுகூடப் புத்தகத்தில் இருந்தது.

அன்றைக்கு மூடியது அவள் வாய். பிறகு சாப்பாடு, துணி, மருந்து என்று எல்லாம் பேசினாள். கல்யாணம் ஆகிப் போனாள், கணவன் இறந்ததும் இந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள். ஆனால் வசனப் புத்தகத்தை மட்டும் அதன்பின் தொடவில்லை. அவரும் கேட்கவில்லை, கண்ணாடி முன் நின்று தனியாகவே படித்துக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல் நோயல் கிரிம்வேட் வந்தார். அப்பாவோடு ஊர் ஊராக நாடகம் போட்டவர். ஒரு கையில் திராட்சை, கோட்டுப் பையில் ஜின் பாட்டில். கட்டிலருகே குனிந்து பார்த்தார்.

"என்னடா இது, ஒரு பக்கம் பாதிரியார், மறுபக்கம் கொள்ளைக்காரன்? ரெட்டை வேஷமா?"

அப்பாவின் உதடு அசைந்தது. "வண்டி தயாரா இருக்கு, பிரபு."

"குதிரைக்குத் தண்ணி காட்டு. நான் இன்னும் கெளம்பலை" என்று நோயல் சட்டென்று அந்த நாடகத்தின் அடுத்த வசனத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். "எத்தனை தடவை செத்திருப்பான் இவன். விஷம், துப்பாக்கி, கிணறு... இன்னிக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கிறான்?"

தேநீருக்கு இருவரும் கீழே வந்தார்கள். மியூரியல் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? அப்பாவோட சொந்தக் குரல் எது?"

நோயல் யோசித்தார். "ஒரே ரூம்ல எத்தனையோ வருஷம் படுத்திருக்கோம் கண்ணு. எனக்குத் தெரியாது. ஒருதடவை ப்ளாக்பூல்ல நாங்க தங்கின வீடு தீப்பிடிச்சுது. அப்பக்கூட இன்ஸ்பெக்டர் குரல்ல 'எல்லாரும் வரிசையா வெளியில வாங்க'ன்னான். வீட்டுக்கார அம்மா நைட்டியோட சல்யூட் அடிச்சா."

மியூரியல் சிரிக்கவில்லை.

"அம்மா செத்த அன்னிக்கும் வசனம்தான் சொன்னாரு மாமா. எங்கிட்ட. டாக்டர் வசனம்."

நோயல் கோப்பையைக் கீழே வைத்தார். "கையில வேற எதுவும் இல்லாம இருந்திருக்கும்" என்றார். "நீ மேல போ. கோப்பையெல்லாம் நான் கழுவி வைக்கிறேன்."

மேலே அறையில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. வெளியே கடற்பறவைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அப்பாவின் மூச்சு இப்போது விட்டுவிட்டு வந்தது. மியூரியல் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

"அப்பா. நான் மியூரியல். ஒரே ஒரு வார்த்தை. யாரும் எழுதிக் கொடுக்காத வார்த்தை ஏதாவது ஒண்ணு எங்கிட்ட சொல்லுங்களேன்."

கீழே நோயல் குழாயைத் திறந்தார். பழைய வீடு, சமையலறையில் தண்ணீர் ஓடினால் சுவருக்குள் இருக்கும் குழாய் முழுக்க இரையும். சோவென்று அறை நிறைந்தது.

அப்பாவின் கண்கள் திறந்தன.

"பெட்டிக்குக் கயிறு கட்டினியா?"

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இப்போதும் ஒரு வேஷம். இது தொப்பிக் கடைக்காரர். கனடாவுக்குக் கப்பலேறும் மகளை வழியனுப்புகிற தொப்பிக் கடைக்காரர். அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது சமையலறை மேஜையில் படித்த நாடகம். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். ஆனால் அடுத்த வசனம் அவளுடையது. வாய் தானாகத் திறந்தது.

"கட்டியாச்சுப்பா. வண்டிக்காரன் வாசல்ல நிக்கிறான்."

"மழை பெய்யுதே."

"குடை இருக்குப்பா."

"அந்தக் குடை ஒழுகும்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அவர் மூச்சைத் தேடி எடுத்தார்.

"ஒழுகினா நனைஞ்சுக்கிட்டே போறேன்." நாற்பது வருஷம் ஆகியும் ஒரு சொல் தப்பவில்லை. "தொப்பியையே தைச்சுக்கிட்டு இருக்கீங்களே. ஒருதடவை நிமிர்ந்து என்னைப் பாருங்கப்பா."

அவர் பார்த்தார்.

இனி மிச்சம் ஒரே ஒரு வரி. நாடகத்தின் கடைசி வரி. அவருடையது. புத்தகத்தில் விரல் வைத்து அவள் படித்திருக்கிறாள்: 'போயிட்டு வாம்மா. நான் இங்கேயேதான் இருப்பேன்.' வேறொருவர் எழுதியதாகவே இருக்கட்டும் என்று தோன்றியது அவளுக்கு. இதையாவது அவர் சொல்லிவிட்டால் போதும்.

சுவருக்குள் மழை ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாய் திறந்து மூடியது.

"சொல்லுங்கப்பா. இது ஒத்திகை இல்லை."

அவர் மெல்லத் தலையை அசைத்தார். மாட்டேன் என்று. கண்ணோரத்தில் பழைய குறும்பு ஒன்று வந்து போனது. போர்வைமேல் கிடந்த விரல் எழுந்து அவள் மணிக்கட்டைத் தொட்டது.

"டம்-டி-டம்" என்றார். பிறகு, "மியூ."

அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. மெலிசாக, கொஞ்சம் மூக்கடைத்தாற்போல், எந்த ஊருக்கும் எந்த வேலைக்கும் சேராத குரல். அதை வைத்து ஒருவரும் அவருக்கு ஒரு வேஷமும் கொடுத்திருக்கமாட்டார்கள்.

கீழே குழாய் நின்றது. அதற்குப் பின் அவர் கொஞ்ச நேரம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு விடவில்லை.

நோயல் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மியூரியல் திரும்பவில்லை.

"ஏதாவது சொன்னானா?"

"தொப்பிக் கடைக்காரர் நாடகம் மாமா. கடைசிக் காட்சி முழுசும் சொன்னாரு. கடைசி வசனம் மட்டும் சொல்லலை."

"சொல்லமாட்டான்" என்றார் நோயல். பிறகு, "நர்ஸுக்கு போன் பண்றேன்" என்று இறங்கிப் போனார். பாதிப் படியில் காலடி நின்றதும், வெகுநேரம் கழித்து மறுபடி இறங்கியதும் கேட்டது.

மியூரியல் கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து கிண்ணத்தில் ஊற்றினாள். பிரஷ்ஷை நனைத்து நுரை கிளப்பினாள். இடது கன்னத்தில் காதிலிருந்து தாடைவரை பூசினாள். கத்தியை எடுத்துக் காதோரம் வைத்துவிட்டுப் பழக்கத்தில் அந்த நாக்குக்காக ஒரு கணம் காத்திருந்தாள்.

பிறகு கட்டைவிரலால் தோலை மெதுவாக இழுத்துப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே வழித்தாள்.