தேனம்மையின் கரப்பான்

தேனம்மைக்கு இதய வால்வு சுருங்கியிருப்பதைக் கணவர் ஏகப்பன் காரைக்குடியில் யாரிடமும் மறைக்கவில்லை. மனைவிக்குச் சென்னையில் இதய ஆபரேஷன் என்பது, எழுபத்தொன்றாம் வருடத்தில், சொல்லிக்கொள்ளும்படியான செய்திதான். சின்ன வயதிலிருந்தே அவள் தோலில் அரித்துப் புண்ணாகும் கரப்பானைத்தான் வெளியே சொல்லக்கூடாது என்றிருந்தார். வீட்டில் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் சர்ஜன் அவளுடைய இடது விலாவைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“அத விடுங்க டாக்டர், வெறும் சொறி. நீங்க ஆபரேஷனைப் பாருங்க,” என்றார் ஏகப்பன்.

“நான் கத்தி வைக்கவேண்டிய இடமே அதுதான். சொறிஞ்ச புண்ணுல கிருமி இருக்கும். இப்ப அறுத்தா உள்ள போயிடும். இதயம் கொஞ்ச நாள் தாங்கும், முதல்ல தோல் ஆறட்டும்.”

களிம்போடு ஊர் திரும்பினார்கள். விசாரிக்க வந்த உறவுக்காரர்களிடம், “டாக்டர் வெளிநாடு போயிருக்காக,” என்றார் ஏகப்பன்.

மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த தேனம்மைக்கு அலுத்துவிட்டது. “டாக்டர் அங்கதான் இருக்காக. கரப்பான் ஆறுனப்பறம் வரச் சொல்லியிருக்காக,” என்றாள். ஏகப்பன் முகம் செத்துப்போயிற்று.

சில மாதங்களில் தோல் ஆறியது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்து அவள் வீடு வந்து சேர்ந்தாள். பார்க்க வந்த ஏகப்பனின் அக்கா இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தம்பி எழுந்து போகும்வரை காத்திருந்துவிட்டு, தன் ரவிக்கைக் கையை மெல்ல மேலேற்றிக் காட்டினாள்.

“அந்தக் களிம்பு பேரு என்ன, தேனம்மை?”