நெற்றிக்காசு

இரவெல்லாம் பெய்து ஓய்ந்த ஆவணி மழையின் ஈரம் இன்னும் உலராதிருக்க, அந்தானை மலைச்சரிவில் தங்கியிருந்த மூடுபனி மெல்லக் கலைந்து மேலேற, ஏரிக்கரை மரங்கள் இலைநுனிகளிலிருந்து நீரைச் சொட்ட, மாளிகைக் கோயிலின் முழவொலி நீர்ப்பரப்பைக் கடந்து வந்து கடைத்தெருவின் இரைச்சலில் கரைய, கண்டி மாநகர் தன் அன்றாட வாழ்வுக்கு விழித்தெழுந்தது. அழகிய நகர்தான், அதில் ஐயமில்லை. ஆயின், கற்றறிந்த பெருந்தகையீர், இக்கதை அவ்வழகைப் பாட வந்ததன்று. சொல்லும் நாவே கசக்கும் ஒரு செயலைச் சொல்ல வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டேனும் இறுதிவரை கேட்டருள்க.

அக்காலையில் பொன்வணிகர் இளங்கோவின் கடை திறக்கும்வரை, வலக்கையை இறுக மூடியவாறு வாயிலில் காத்து நின்றாள் சஞ்சீவனி. அகவை நாற்பத்தாறு, மணமாகாதவள், ஒருபுறம் செயலிழந்து கிடந்த தாய் கமலத்தைப் பதினோராண்டுகள் தூக்கியும் கிடத்தியும், ஊட்டியும் துடைத்தும் காத்தவள். அத்தாய் மருத்துவமனையில் இறந்து அன்றைக்கு ஒன்பது நாள். தந்தை எழுதிவைத்தபடி வீடு அண்ணன் சுதேஷுக்குப் போய்விட, கமலத்திடம் இருந்ததெல்லாம் முன்னோர் கடல்கடந்து கொணர்ந்த பழம்பொற்காசு ஒன்றே. ஒருபுறம் திருமாலின் நின்ற கோலமும், மறுபுறம் குருணை தூவினாற்போன்ற புள்ளிகளும் கொண்ட அக்காசு வழிபாட்டறைச் சிமிழில் மஞ்சள் துணிக்குள் கிடந்தது. "ஒன்ன நான் வெறுங்கையோட விடலடி. அது ஒனக்குத்தான்" என்று நாக் குழறக் குழறக் கமலம் பன்முறை சொல்லியிருந்தாள். வீட்டைவிட்டு வெளியேற அண்ணன் இத்திங்கள் முடிவைக் கெடுவாக வைத்திருந்தமையால், கடுகண்ணாவையில் பார்த்து வைத்திருந்த இரண்டறைக் குடிலுக்கு முன்பணமாகச் சஞ்சீவனி நம்பியிருந்தது அந்தக் காசைத்தான்.

அக்காசு அவள் கைக்கு வந்த வகையும் ஊர் மெச்சும் வகையே. இறந்தவர் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து ஒரு காசை ஒட்டுவது அவர்கள் வழக்கம். எவரும் ஒரு செல்லாக் காசையே ஒட்டுவர். சுதேஷோ, "எங்கம்மாவுக்கு எதுக்குச் செல்லாக்காசு? அவங்க காசு அவங்க நெத்தியில இருக்கட்டும்" என்று கதறியவாறு சிமிழைத் திறந்து, அதிலிருந்த காசைத் தன் கையாலேயே ஒட்டினான். சுடுகாட்டு வாயிலில் உறவினர் அனைவரும் பார்த்திருக்க அதனைப் பெயர்த்தெடுத்துத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து, "அம்மா சொன்னத நான் செஞ்சிட்டேன்" என்றான். இப்படி ஒரு மகனா என்று கண்ணைத் துடைத்தவர் பலர்.

இளங்கோ காசை உரைகல்லில் இழுத்து, கோட்டின்மேல் அமிலத்தை ஒரு துளி விட்டார். பச்சையாய் நுரைத்தது.

"அக்கா, இது பித்தளை. மேல மட்டுந்தான் பொன்னு பூசிருக்கு" என்றார், குரலைத் தாழ்த்தி. "பித்தளை வெலைக்குப் போடுறதுன்னா கட்டுகஸ்தோட்டையில ஷப்ராஸ் நாநா இருக்காரு. பெரஹரா ஊர்வலத்துக்குச் சலங்கை வாக்குறவரு. அவரு எடுத்துக்குவாரு."

கலகெதர வீட்டுக்குத் திரும்பிய அவள் நடந்ததைச் சொன்னபோது சுதேஷ் பெருமூச்செறிந்தான். "அப்பவே நெனச்சேன். காசு இருக்கு, காசு இருக்குன்னு சொல்லி ஒன்ன நல்லா வேலை வாங்கிருச்சு அம்மா. சரி விடு, செத்தவங்கள என்ன சொல்றது?"

அச்சொல் அவள் நெஞ்சில் நச்சாய் இறங்கியது. படுக்கைப் புண்ணின் சீழைத் துடைத்த கையை இப்போது முகர்ந்து பார்த்து அருவருத்தாள். அம்மா கையைப் பற்றிக்கொண்டு அழுததெல்லாம் நடிப்பு, வாழ்த்தியதெல்லாம் கூலி கொடாதிருக்கச் சொன்ன சொல் என்று ஒவ்வொன்றாய் நினைக்க நினைக்க, பதினோராண்டும் குமட்டிக்கொண்டு வந்தது. மூன்று நாள் விளக்கேற்றவில்லை. மாலையிட்ட படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, "பொய்க்காரி! நீ செத்ததே நல்லது" என்று வாய்விட்டே சொன்னாள். வீட்டில் அக்காசு இருப்பதும் பொறாமல், உருக்கிப் போடட்டும் என்று நான்காம் நாள் கட்டுகஸ்தோட்டைக்குப் பேருந்தேறினாள்.

ஷப்ராஸின் வார்ப்புப் பட்டறை ஆற்றோரத்தில் இருந்தது. காசைக் கையில் வாங்கிய அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"இத எதுக்குத் தங்கச்சி உருக்கச் செல்றீங்க? நான் வாத்த காசுதானே இது. இங்க பாருங்க, ஓரத்துல சின்னக் கொப்புளம் ஒன்னு ஈக்கிது. அது என்ட பிழை."

"நீங்க வாத்ததா? எப்ப?"

"பெரஹரா முடிஞ்ச மறுநாள். கலகெதரப் பக்கம் வீடு, சுதேஷுன்னு பேரு. அசலக் கொண்டுவந்து அச்செடுக்கக் குடுத்தார். அம்மா மவுத்தாப் போய்ட்டாங்க, நெத்தியில வெக்க ஒரு காசு வேணும்னு அழுதார். பொன்னும் மேல பூசிக் குடுத்தன். பாவமேன்னு கூலியும் எடுக்கல்ல."

சஞ்சீவனி நாள்களை எண்ணிப் பார்த்தாள். பெரஹரா முடிந்த மறுநாள் கமலம் உயிரோடிருந்தாள். அதன்பின்னும் ஆறு நாள் மருத்துவமனையில் மூச்சுவிட்டுக் கிடந்தாள். அன்று மாலைதான் சுதேஷ் கொடிமுந்திரிக் குலை ஒன்றுடன் வந்து, தாயின் நெற்றியை வருடி, வேலையிருக்கிறது என்று ஐந்து மணித்துளியில் அகன்றிருந்தான். வருடிய அந்தக் கை அளவெடுத்துக்கொண்டிருந்தது என்று எண்ணியதும், அவள் ஓடிப்போய் ஆற்றங்கரையில் குனிந்து வாந்தியெடுத்தாள்.

உண்மையறிந்த ஷப்ராஸ் தலையில் கைவைத்தார். "தவ்பா! என்னயும் சேத்துப் பாவத்துல தள்ளிட்டானே. எங்க வந்து செல்லோணுமோ கூப்புடுங்க, நான் வாறன்."

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது சுதேஷ் உண்டுகொண்டிருந்தான். பதினாறாம் நாள் முடியாத வீட்டில், கடையிற் பொதிந்து வாங்கிய கோழிக்கறி. எலும்பை உறிஞ்சும் ஓசை வாயில்வரை கேட்டது; மழிக்காத மோவாயில் குழம்பு வழிந்திருந்தது.

"அண்ணே, காச எடு."

"எந்தக் காசு?"

"ஷப்ராஸ் நாநா பதினாறுக்கு வாறேன்னு சொல்லிருக்காரு. சொந்தக்காரங்க முன்னால கேக்கவா, இப்பவே எடுக்குறியா?"

மென்றதை அவன் விழுங்கினான். பிறகு அவன் சிரித்தான். "அடி, கள்ளன் கிள்ளன் எடுத்துருவான்னுதான் மாத்தி வச்சேன். ஒனக்குக் குடுக்காம எங்க போகப்போறேன்?" என்று சொல்லியவாறே, விரல்களை நக்கிவிட்டு இடுப்புப் பையை அவிழ்த்து, எச்சிலும் நெய்யும் பூசிய கையால் காசை நீட்டினான்.

"கையில தராத. கீழ வை."

கீழே வைக்கப்பட்டதை இலைத்துண்டொன்றால் எடுத்துச் சென்று, புளியும் சாம்பலும் இட்டு மூன்றுமுறை தேய்த்துக் கழுவிய பின்னரே அவள் கைபடத் தொட்டாள். மறுநாள் இளங்கோவின் கல்லில் அது இழுத்த மஞ்சள் கோடு அமிலத்துக்கு அசையாமல் நின்றது. "அசல்தான் அக்கா. இந்த முத்திரை கிடைக்கிறதே அரிது" என்றார் அவர். அன்றே விற்றாள். குடில் அமைந்தது, பதினாறாம் நாள் வழிபாட்டையும் அண்ணனின்றி அங்கேயே நடத்தினாள்.

பெருந்தகையீர், பொல்லாதவன் செய்த பொல்லாங்கு அவனோடு போகட்டும். அவனை நினைத்தால் அவளுக்கு இன்றும் சோறு இறங்குவதில்லை என்பதோடு அதனை விட்டுவிடுவோம். ஆனால் தூங்காத பொழுதுகளில் அவளை வாட்டுவது அவன் அல்லன். கல்லில் உரைத்தறியப் பொன்னுக்கு ஒரு வழி இருந்தும், பதினோராண்டு தன் கையைப் பற்றியிருந்த தாயை மூன்றே நாளில், அதுவும் அவன் வாய்ச்சொல்லை நம்பி, பொய்க்காரி என்று அவள் தீர்த்துவிட்டாள். படத்தை மீண்டும் முகம் தெரியத் திருப்பி வைத்துவிட்டாள், விளக்கும் ஏற்றிவிட்டாள். அச்சொல்லை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்வதற்குக் கமலம் இல்லை.